நடுவுல ஏழு புள்ளி

— வெட்ட மாட்டேன் மேடம்.

— என்ன சொன்ன?

— அந்த ஏழு புள்ளியை வெட்ட மாட்டேன்னு சொன்னேன். தீசிஸ்ல படம் இப்படியேதான் போகும். நடுவுல மேட்டோட.

— முதல்ல உக்காரு.

— இந்த லேப்ல உடையாத ஸ்டூல் ஒண்ணுதான் இருக்கு. அதுல நீங்க உக்காந்திருக்கீங்க.

— நக்கல் வேண்டாம். லாஜிக்கா பேசு. நம்ம ப்ளாட் புரோகிராம் நீ இங்க சேர்றதுக்கு ரொம்ப முன்னாடி எழுதினது. எந்த ஃபைலைக் குடுத்தாலும் ஜீரோ வோல்ட்டுக்கு அந்தப் பக்கம் மூணு, இந்தப் பக்கம் மூணு, நடுவுல ஒண்ணு. ஏழு புள்ளியைத் தூக்கிட்டுத்தான் கோடு போடும். ஏன்னு தெரியுமா?

— மீட்டர் ஜீரோவைத் தாண்டும்போது துள்ளும். அதனால.

— தெரியுதுல்ல?

— சேர்ந்த முதல் நாளே சீனியர் சொல்லிக் குடுத்துட்டாரு. 'நடு ஏழு குப்பை, கேள்வி கேக்காத'ன்னு. இப்போ நேரா கேக்குறேன். அந்த மீட்டர் எங்க மேடம்?

— கழிச்சுக் கட்டியாச்சு. நாலு வருஷம் இருக்கும்.

— நான்தான் ரேக்குல இருந்து ஸ்க்ரூ கழட்டி இறக்கினேன். கால் பெருவிரல்ல விழுந்துச்சு, நகம் போச்சு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. புது மீட்டர் துள்ளாது. ஒரு சாதா ரெசிஸ்டரை வெச்சுச் சரிபார்த்தேன். ஜீரோவைத் தாண்டும்போது நூல் பிடிச்ச மாதிரி போகுது. துள்ளுற மாட்டை வித்தாச்சு, மூக்கணாங்கயிறு மட்டும் இன்னும் தொங்குது.

— அப்போ புரோகிராம்ல கை வெச்சிருக்க.

— அதைத் தொடவே இல்ல. நான் தனியா ஒண்ணு எழுதினேன். நாப்பது வரி. எதையும் வெட்டாது.

— யாரைக் கேட்டு எழுதின?

— என் டேட்டாவை முழுசாப் பார்க்க நான் யாரைக் கேக்கணும்?

— என்னைக் கேக்கணும். இது என் லேப். கெய்டுன்னு முன்பக்கத்துல என் பேருதான் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தப் பக்கத்துல என் கையெழுத்தோட ஆபீஸ்ல குடுக்கலைன்னா உன் பதிவு ரத்து. ஞாபகம் இருக்குல்ல?

— ஆறு வருஷம் மேடம். தூங்கி எந்திரிச்சாலே அதுதான் ஞாபகம்.

— இப்போ மணி மூணு. ஏழு புள்ளியை எடுத்துட்டு பிரிண்ட் எடுக்க இருபது நிமிஷம். போ.

— எடுத்தா என்ன மிச்சம்? பள்ளம் மட்டும்தான் மிச்சம். 'நியோபியத்துக்கும் வெள்ளிக்கும் நடுவுல ஆக்சைடு சுவர் வெச்சா, ஜீரோகிட்ட கரண்ட் போகாது, புத்தகத்துல சொன்னது சரி'ன்னு எழுதணும். அதை ஏற்கெனவே இந்த லேப் பதினாலு பேப்பர்ல எழுதியாச்சு. பதினஞ்சாவதா நான் எதுக்கு?

— மேடு எந்த சாம்பிள்ல வந்துச்சு?

— மூணாவதுல.

— அந்த அழுக்கு சாம்பிளா? பம்ப் லீக் ஆகி, வெள்ளி பாதி காத்தோட சேர்ந்து படிஞ்சுதே?

— அதேதான்.

— தூக்கிப் போடச் சொன்னேனே!

— தூக்கினேன். போடல.

— உன் சீனியர் எவ்வளவு பொறுமையா ஒரு சுத்த சாம்பிள் பண்ணிக் குடுத்துட்டுப் போனான். அதுல மேடு வந்துச்சா?

— வரல.

— அப்புறம் என்ன பேச்சு?

— அதுதானே மேடம் பேச்சே! ஒரே மீட்டர், ஒரே வயர், ஒரே குளிர். மீட்டர் கோளாறுன்னா ரெண்டுலயும் வரணும். சுத்தத்துல இல்ல, அழுக்குல இருக்குன்னா, கோளாறு மீட்டர்ல இல்ல.

— தேர்வுக் குழுவுல ஒருத்தர் கெமிஸ்ட், ஒருத்தர் இன்ஜினியர். அழுக்கு சேர்ந்தா கரண்ட் நல்லாப் போகும்னு அவங்க முன்னாடி நின்னு சொல்லிப் பாரு. வாயால சிரிக்க மாட்டாங்க.

— எங்கப்பா சிரிக்கல.

— உங்கப்பா எங்க வந்தாரு இதுல?

— கட்டடத்துக்குச் சாரம் கட்டுறவர். பத்தாவது மாடிக்குக் கழியைக் கட்டிக்கிட்டே ஏறுவாரு. ஸ்கூல் படிப்பு அஞ்சாவதோட சரி. அவருக்குச் சொன்னேன், அவருக்குப் புரிஞ்சுது.

— அப்படி என்ன சொன்ன? அதையே குழுவுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு.

— சொல்றேன். ஒரு கேட்டு இருக்கு. உள்ள போறவங்க ஜோடியாத்தான் போகணும், தனி ஆளுக்கு உள்ள இடமே கிடையாது. அந்தப் பக்கம்தான் நியோபியம், இந்தக் குளிர்ல தடையே இல்லாத சூப்பர்கண்டக்டர். இந்தப் பக்கம் வெள்ளியில இருந்து வர்ற எலக்ட்ரான் ஒத்தை ஆளு. உள்ள போகணும்னா பக்கத்துல நிக்கிற இன்னொன்னையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகணும். இழுத்துட்டுப் போனதும் அது நின்ன இடம் காலி. அந்தக் காலி இடம், வந்த வழியே அடி மேல அடி வெச்சுத் திரும்பி நடக்கும்.

— சரி. ஆக்சைடு?

— ஆக்சைடுதான் கேட்ல காவக்காரன். நூறு தட்டுக்கு ஒரு தடவை திறப்பான். ஜோடின்னா ரெண்டு பேருக்கும் திறக்கணும், அப்போ பத்தாயிரத்துல ஒரு தடவை. சுத்தமான வெள்ளியில என்ன ஆகும்? எலக்ட்ரான் நேரா வரும், ஒரு தட்டு தட்டும், திறக்கலைன்னா வந்த வேகத்துல திரும்பிப் போயிடும். அதுக்குப் போக வேற இடம் இருக்கு. அழுக்கு வெள்ளியில அப்படிப் போக முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு இடி. இடிச்சு இடிச்சு அதே கேட்டுக்கு வந்து நிக்கும். திரும்பவும் தட்டும். திரும்பவும் துரத்துவான். திரும்பவும் வந்து நிக்கும். ஜீரோ வோல்ட்ல, இந்தக் குளிர்ல, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் தாளம் தப்பாது. எல்லாத் தட்டும் ஒண்ணோட ஒண்ணு கூடிக்கும். அப்புறம் காவக்காரன் திறந்துதான் ஆகணும்.

— உங்கப்பா அதுக்கு என்ன சொன்னாரு?

— 'போக்கிடம் இல்லாதவன்தான் கதவை உடைப்பான்'னாரு.

— ம்.

— என்ன ம்?

— அழகா சொல்ற. எல்லாம் சரி. இந்தத் தியரி எனக்கும் தெரியும். வேற லேப்ல பார்த்ததா எழுதியும் இருக்காங்க. அவங்ககிட்ட இருக்கிற மெஷின் வேற, பண்ற ஆளுங்க வேற. நம்ம லேப்ல அது வராது.

— அங்க வந்தா இயற்கை, இங்க வந்தா கோளாறா?

— பேச்சைக் குறை.

— நான் பேசினாலே உங்களுக்கு அதிகமாத்தான் தெரியும். முதல் வருஷம் செமினார்ல என் இங்கிலீஷைக் கேட்டுட்டு 'இதை முதல்ல சுத்தம் பண்ணிட்டு வா'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. நான் சுத்தம் பண்ணல. அப்படியே பேசிப் பேசியே ரெண்டு பேப்பர் எழுதிட்டேன்.

— ஓ, அதை இன்னும் மனசுல வெச்சிருக்கியா?

— பத்திரமா.

— உன்னை இங்க எடுத்துக்கிட்டது யாரு? இன்டர்வியூல நாலு பேரு வேண்டாம்னாங்க. நான் ஒருத்திதான் எடுத்தேன்.

— அதுக்கு நன்றி. அந்த நன்றியை என்கிட்ட எப்ப வேணா கேளுங்க, தர்றேன். என் டேட்டால இருந்து எடுக்காதீங்க.

— போன் அடிக்குது பாரு. எடு.

— அப்பாதான். ...ஆங், சொல்லுப்பா. இல்லப்பா, இன்னும் போடல. மேடம்கூடத்தான் பேசிக்கிட்டிருக்கேன். இல்லப்பா, சண்டை எல்லாம் இல்ல. ஆமா, கொஞ்சம் சண்டைதான். நீ கீழ இறங்கிட்டுப் பேசுப்பா, உசரத்துல நின்னு போன் பேசாதன்னு எத்தனை தடவை... சரி, வெச்சிடுறேன்.

— அவருக்காகவாவது அந்த ஏழு புள்ளியை எடுத்துட்டுக் கையெழுத்தை வாங்கிட்டுப் போலாம்ல? யாரும் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. ஏழு புள்ளியைச் சொல்லாம விடச் சொல்றேன், அவ்வளவுதான்.

— எங்கப்பா ஒரு சாரத்துல ஏழு முடிச்சை மட்டும் போடாம விட்டுட்டு, 'நான் பொய் சொல்லலையே, முடிச்சைத்தானே விட்டேன்'னு சொன்னா, நீங்க அதுல ஏறுவீங்களா மேடம்?

— கதவுல யாரு? வாங்க ஹீலியம்.

— ஒண்ணும் அவசரம் இல்ல மேடம். நீங்க பேசுங்க. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் எடுக்க வந்தேன்.

— எடுத்துக்குங்க.

— ரெண்டாவது டிராயர்ல அடியில விரிச்ச பேப்பரையே காணோமே. ஸ்பேனரெல்லாம் கலகலன்னு உருளுது. யாரோ உருவிட்டாங்க போல.

— நான்தான் அண்ணே. வேற விரிச்சுத் தர்றேன்.

— வேண்டாம் வேண்டாம். எடுத்தவங்க கையில இருந்தா சரி.

— ஹீலியம், காலையிலேயே கிரையோஸ்டாட் தொட்டியைச் சூடாக்கச் சொன்னேனே. பண்ணிட்டீங்களா?

— மறந்துட்டேன் மேடம்.

— நீங்க மறந்தீங்களா? இருபத்திரண்டு வருஷமா இந்த லேப்புக்கு ஹீலியம் ஊத்துறீங்க, பேரே ஹீலியம்னு ஆயிடுச்சு. ஒரு நாள், ஒரு வேளை மறந்ததில்ல.

— வயசாகுதுல்ல. உள்ள இன்னும் பதினேழு சென்டிமீட்டர் லெவல் இருக்கு. இப்பதான் ரிஜிஸ்டர்ல எழுதினேன். பம்ப் ஓடுது, ஒன்றரை கெல்வின்ல அப்படியே நிக்குது. பொண்ணோட சாம்பிளும் உள்ளதான் இருக்கு.

— மூணாவது சாம்பிளா? அதை யாரு திரும்ப ஏத்தினது?

— என் சாம்பிள், நான்தான் ஏத்தினேன் மேடம். நேத்து.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

— கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். அதான்.

— சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன் மேடம். காந்தச் சுருளும் குளிர்ந்துதான் இருக்கு. கொஞ்சூண்டு காந்தம் குடுத்துப் பார்த்தா உங்க ரெண்டு பேரு சண்டையும் தீர்ந்துடும்ல?

— அண்ணே! ஆமா! காந்தம்! மேடம், காந்தம் குடுத்தா போற வழியும் வர்ற வழியும் தாளம் தப்பிடும். தட்டு தட்டோட கூடாது. மேடு நிஜம்னா கரைஞ்சு போகணும். மீட்டர் கோளாறுன்னா அது காந்தத்தைக் கண்டுக்கவே கண்டுக்காது, அப்படியே நிக்கும். சரியா தப்பா?

— ...சரிதான்.

— சத்தமா சொல்லுங்க மேடம். அண்ணன் சாட்சி.

— சரிதான்னு சொன்னேன். ஹீலியம், உங்களை யாரு யோசனை கேட்டா?

— காது திறந்திருக்கு மேடம். இத்தனை வருஷமா இதே ரூம்ல இதே பேச்சு. சுவருக்கே பாடம் ஆகியிருக்கும்.

— அப்போ முதல்ல எழுதிக்குவோம். லேப் நோட்டைத் திறக்குறேன். 'காந்தத்தில் மேடு நின்றால் ஏழு புள்ளிகளையும் நான் வெட்டுவேன். கரைந்தால் மேடம் கையெழுத்திடுவார்.' நேரம் மூணு முப்பத்தஞ்சு. கீழ ஒரு இனிஷியல் போடுங்க.

— என்மேல அவ்வளவு நம்பிக்கை!

— நம்பிக்கையா பேசவே வேண்டாம், லாஜிக்கா பேசுவோம்னு நீங்கதானே சொல்லுவீங்க.

— இந்தா. போட்டாச்சு. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். மேடு அசையலைன்னா அதுக்கப்புறம் உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது.

— வராது. அண்ணே, லெவல் பாத்துக்குங்க.

— நீ ஓட்டு தங்கச்சி. லெவல் என் பொறுப்பு.

— முதல்ல காந்தம் இல்லாம. மைனஸ் ஐந்நூறு மைக்ரோவோல்ட்ல இருந்து வர்றேன். இறங்குது... இறங்குது... பள்ளம் ஆரம்பிச்சாச்சு. மைனஸ் நூறு. அடித்தட்டு. மேடம், ஸ்கிரீனைப் பாருங்க, ஜன்னலைப் பார்க்காதீங்க.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— மைனஸ் அறுபது. ஏறுது. நாப்பது. இருபது. ஜீரோ. பார்த்தீங்களா? பள்ளத்தோட அடியைவிட மூணு மடங்கு. இப்போ அந்தப் பக்கம் இறங்குது. பிளஸ் இருபது, நாப்பது, அறுபது. முடிஞ்சுது. கண்ணாடியில பார்த்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணு.

— கோளாறும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரலாம்.

— வரலாம். இப்போ காந்தம். அஞ்சு மில்லிடெஸ்லா. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற பொம்மைக்குப் பின்னாடி இருக்குமே, அந்த அளவு. நியோபியத்துக்கு இது கொசுக்கடி, அதோட சூப்பர்கண்டக்டர் குணம் அசையாது. அதனால பின்னாடி 'காந்தம் சூப்பர்கண்டக்டரையே கெடுத்துடுச்சு'ன்னு சொல்லக் கூடாது.

— எனக்கே சொல்லித் தர்றியா? ஓட்டு.

— பள்ளம் அப்படியே இருக்கு பாருங்க, கெடல. மைனஸ் நூறு. அறுபது. ...நாப்பது.

— என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்ட?

— நிறுத்தல. மூச்சு வாங்கினேன். இருபது. ஜீரோ.

— பிளஸ் பக்கமும் முடி.

— பிளஸ் இருபது. நாப்பது. அறுபது. தரை மாதிரி இருக்கு. மேட்டைக் காணோம் மேடம்.

— காந்தத்தை எடு. திரும்ப ஓட்டு.

— எடுத்தாச்சு. ஓடுது. ...வருது. அண்ணே, வருது! திரும்பி வந்துடுச்சு!

— சத்தம் போடாத தங்கச்சி, லெவல் ஆடுது.

— மேடம், காந்தம் குடுத்தா போகுது, எடுத்தா வருது. இது மீட்டர் இல்ல. நீங்க இனிஷியல் போட்ட விதி.

— தெரியுது.

— அழுக்குதான். நீங்க தூக்கிப் போடச் சொன்ன அழுக்குதான்.

— தெரியுதுன்னு சொன்னேன்ல! ...ஹீலியம், அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க.

— போட்டுட்டேன் மேடம். தண்ணி?

— வேண்டாம். கேளும்மா. மேடு இருக்கட்டும். நாலாவது அத்தியாயம் உன் இஷ்டப்படியே போகட்டும், ஏழு புள்ளியோட. நான் கையெழுத்து போடுறேன். பின்னிணைப்பை மட்டும் எடுத்துடு.

— ஏன்?

— 'ஏழு புள்ளி வழக்கம்'னு தலைப்பு போட்டு, இந்த லேப்போட பதினாலு பேப்பரையும் வரிசையா அடுக்கி, எதெதுல நடு ஏழு வெட்டப்பட்டிருக்குன்னு எழுதியிருக்க. உனக்குப் பட்டம் வேணும், கிடைச்சாச்சு. என் முகத்துல கரி எதுக்கு?

— உங்க முகத்துக்காக எழுதல. அடுத்த வருஷம் இன்னொரு பொண்ணு வருவா. அவ கையில அதே புரோகிராமைக் குடுப்பீங்க. அவளும் ஒரு அழுக்கு சாம்பிள் பண்ணுவா. அவ முன்னாடி ஸ்கிரீன்ல பள்ளம் மட்டும்தான் தெரியும். மேடுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னே அவளுக்குத் தெரியாது. நான் மட்டும் தாண்டிக் குதிச்சா போதும்னா, நேத்தே வெட்டிட்டுப் போயிருப்பேனே.

— பின்னிணைப்போட கையெழுத்து கிடையாது.

— அப்போ கையெழுத்தே வேண்டாம்.

— பைத்தியமா நீ? மணி நாலே கால்! ஆறு வருஷம் மண்ணாப் போகும்!

— போகட்டும். நான் மட்டும் சாரத்துல முடிச்சை விட மாட்டேன். அதுல இன்னொருத்தி ஏறுவா.

— தங்கச்சி, அவசரப்படாத.

— நான் அவசரப்படல அண்ணே. மேடம், நேரா கேக்குறேன். பின்னிணைப்பை முழுசாப் படிச்சீங்களா?

— முதல் பக்கம் படிச்சேன். அதுக்கு மேல படிக்க முடியல.

— கடைசிப் பக்கத்துல ஒரு போட்டோ இருக்கு. பாருங்க.

— என்ன இது?

— ஸ்பேனர் டிராயர்ல விரிச்சிருந்த பேப்பர். போன மாசம் ஒரே எண்ணெய்க் கறையா இருக்கேன்னு மாத்துறதுக்கு உருவினேன். கட்டம் போட்டிருந்துச்சு. பழைய பேனா ரெக்கார்டர் பேப்பர். கரண்ட் ஏறினா பேனா ஏறும், இறங்கினா இறங்கும். தானா வரையும். அதுக்கு வெட்டத் தெரியாது மேடம். பாருங்க, பள்ளம். பள்ளத்துக்கு நடுவுல மேடு. தேதி போட்டிருக்கு, இருபத்துமூணு வருஷத்துக்கு முன்னாடி. மேட்டுக்குப் பக்கத்துல பென்சில்ல எழுதியிருக்கு: 'மறுபடியும்! 17-ஆவது தடவை!' அதுக்கு மேல குறுக்கால, சிவப்பு மையில: 'அழுக்கு. வெட்டு.'

— இதை யார் யார்கிட்ட காட்டின?

— யார்கிட்டயும் இல்ல. இதைப் பார்த்த அன்னைக்குத்தான் எனக்கு உங்கமேல முதல் தடவையா பாவமா இருந்துச்சு. இந்த லேப்லதான் படிச்சேன், இதே ஸ்டூல்லதான் உக்காந்திருந்தேன்னு அடிக்கடி சொல்லுவீங்கல்ல. பதினேழு தடவை அளந்திருக்கீங்க. குதிச்சு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு மேல இருந்த பெரிய சார் சிவப்பு மையில ஒரு கோடு கிழிச்சு உங்களை உக்கார வெச்சுட்டாரு. அதைத்தான் இங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் கை மாத்திக் குடுத்துக்கிட்டிருக்கீங்க. நான் வாங்கிக்க மாட்டேன் மேடம். உங்களுக்காகவும் சேர்த்துத்தான் அந்தப் பின்னிணைப்பு.

— பேனா இருக்கா உன்கிட்ட?

— எதுக்கு?

— குடு. நூத்தி நாப்பத்தியொண்ணாம் பக்கம். போட்டோவுக்குக் கீழ என்ன எழுதியிருக்க? படி.

— 'பென்சில் குறிப்பு இந்த ஆய்வகத்தின் இன்றைய பொறுப்பாளருடையது. சிவப்பு மைக் குறிப்பு அவருடைய ஆசிரியருடையதாக இருக்கலாம்.'

— ஆதாரம்?

— ஆதாரம்னா... வேற யாரோடதா இருக்கும்?

— ஆதாரம் இல்லாம எழுதியிருக்க. அந்த வரி தப்பு. அடிச்சுட்டுச் சரியா எழுதுறேன், பாரு. சிவப்பு மைதான் என்னோடது.

— மேடம்?

— நான் அப்போ ஸ்டூடண்ட் இல்ல. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், உறுதி ஆகல. 'எங்க சாம்பிள்ல மேடு இல்லவே இல்ல'ன்னு ஒரு பேப்பர் அச்சுக்குப் போயாச்சு. என் முதல் ஸ்டூடண்ட் இந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். பதினேழு தடவை அளந்துட்டு. மீட்டர் கோளாறுன்னேன். பேனா ரெக்கார்டர்ல அந்த மீட்டரே கிடையாது, அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வெட்டுன்னேன். மாட்டேன்னான். கையெழுத்து போட மாட்டேன்னேன், அவன் பட்டம் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்தப் புரோகிராமை எழுதினேன், இனி ஒருத்தரும் பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஓடி வராத மாதிரி. இந்தா. திருத்தத்துக்குப் பக்கத்துல ஒரு இனிஷியல். முன்பக்கத்துல கையெழுத்து. பின்னிணைப்போட சேர்த்துத்தான். எடுத்துட்டு ஆபீஸுக்கு ஓடு.

— இருங்க மேடம். அவரு என்ன ஆனாரு?

— போட்டோவுல அந்த 17-ஐப் பாரு. ஏழை எப்படிப் போட்டிருக்கு?

— நடுவுல குறுக்கால ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கு.

— இப்போ அந்த ஹீலியம் ரிஜிஸ்டரைத் திற. இன்னைக்கு லெவல் பதினேழுன்னு எழுதியிருக்குல்ல? அந்த ஏழைப் பாரு.

— ...அண்ணே?

— லெவல் ஒன்பதுக்கு வந்தாச்சு. பம்பை நிறுத்தவா மேடம்?

— அண்ணே, நீங்களா? இத்தனை வருஷமா இதே ரூம்ல நின்னுக்கிட்டு, கண்ணு முன்னாடி ஒவ்வொருத்தரும் வெட்டுறதைப் பார்த்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமலேயே இருந்துட்டீங்களே!

— யாரு சொன்னா சொல்லலைன்னு? அந்த டிராயர்ல பேப்பரை விரிச்சது நான்தான் தங்கச்சி, எழுத்து மேல தெரியுற மாதிரி. இருபத்திரண்டு வருஷமா எல்லாரும் ஸ்பேனரைத்தான் எடுத்தாங்க. நீ ஒருத்திதான் அடியில பார்த்தே.